துடிப்பு ஏன் குலைகிறது? மோட்-லாக்கிங் லேசர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் முதுநிலை இயற்பியல் படிப்பவர்கள் ஆய்வேட்டுக்காக லேசர் பக்கம் வரும்போது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே. பேசப்படுவது திண்மநிலை லேசர்கள் மட்டும்: நியோடிமியமோ இட்டர்பியமோ கலந்த ஒரு படிகம், எதிரெதிர் ஆடிகள், அவற்றுக்கிடையே ஒளி ஓடித் திரும்பும் கேவிட்டி, துடிப்பை உருவாக்க ஒரு தெவிட்டும் உறிஞ்சி. ஆய்வகத்தில் இந்த உறிஞ்சியைச் சாச்சுரபிள் அப்சார்பர் என்பார்கள்.

மோட்-லாக்கிங் என்றால் என்ன?

கேவிட்டிக்குள் பல்லாயிரம் அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் ஒலிக்க இடம் உண்டு. அவை தம் போக்கில் ஓடினால் கிடைப்பது தொடர் ஒளி. எல்லாவற்றின் கட்டமும் (அலை ஏறி இறங்கும் தாளம்) ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டால், கேவிட்டிக்குள் ஒரே ஒரு குறுந்துடிப்பு முன்னும் பின்னும் ஓடும். வெளியேறும் ஆடியைத் தொடும் ஒவ்வொரு முறையும் அதன் ஒரு பங்கு வெளியே வரும். கேவிட்டி 1.5 மீட்டர் நீளம் என்றால் ஒரு சுற்றுக்கு 10 நானோவினாடி. அதாவது நொடிக்கு 10 கோடித் துடிப்புகள், 100 மெகாஹெர்ட்ஸ்.

உறிஞ்சியின் வேலை என்ன?

மங்கிய ஒளியை விழுங்குவது, வலுத்த ஒளியை விட்டுவிடுவது. அதிலுள்ள எலக்ட்ரான்கள் மேல்நிலைக்குப் போய் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் விழுங்க இடமில்லை, உறிஞ்சி வெளுத்துவிடும். ஆகவே ஆற்றலெல்லாம் ஒரு குறுந்துடிப்பாகத் திரண்டு வந்தால் இழப்பு குறைவு, பரவி வந்தால் இழப்பு அதிகம். லேசர் தானாகவே இழப்பு குறைந்த வழியைத் தேர்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து தாளம் போட ஒரு மின்சுற்று தேவையில்லை என்பதால்தான் இதற்குச் செயலறு மோட்-லாக்கிங் என்று பெயர்.

இன்று பெரும்பாலும் பயன்படுவது செசாம் எனப்படும் குறைகடத்தி ஆடி. காலியம் ஆர்சனைடும் அலுமினியம் ஆர்சனைடும் மாறிமாறி அடுக்கப்பட்ட எதிரொளிப்பான், அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் இண்டியம் காலியம் ஆர்சனைடு உறிஞ்சுபடலம். உர்சுலா கெல்லர் 1992இல் ஏ.டி அண்டு டி பெல் ஆய்வகத்தில் இருந்தபோது இந்த வகை ஆடியைக் கொண்டு திண்மநிலை லேசரை மோட்-லாக் செய்து காட்டினார். பிறகு சூரிச்சில் அவருடைய குழு இதை ஒரு முழுத் துறையாகவே வளர்த்தது.

ஆசிலோஸ்கோப்பில் 10 நானோவினாடிக்கு ஒரு துடிப்பு வரிசையாகத் தெரிகிறது. லேசர் மோட்-லாக் ஆகிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம். முதலில் நேர அளவை மாற்றுங்கள். திரையின் ஒரு சதுரத்துக்கு 10 நானோவினாடி என்றிருப்பதை 20 மைக்ரோவினாடி ஆக்குங்கள். துடிப்புகளின் உச்சி தட்டையான பட்டையாக நின்றால் நல்லது. அந்தப் பட்டை பொங்கியும் வற்றியும் அலையலையாக வந்தால், உங்களிடம் இருப்பது கியூ-ஸ்விட்ச்சு மோட்-லாக்கிங். உள்ளே துடிப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை கொத்துக் கொத்தாக வருகின்றன. ஒரு கொத்தின் நடுவில் உள்ள துடிப்பின் ஆற்றல் சராசரியைப் போலப் பல மடங்கு. கொத்துக்கும் கொத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். துடிப்பின் நீளம் பிகோவினாடி, ஃபெம்டோவினாடிக் கணக்கில் இருக்கலாம். அது பிழைப்பதும் குலைவதும் மைக்ரோவினாடிக் கணக்கில்தான் தீர்மானமாகிறது. துடிப்பின் நீளத்தை அளக்கும் ஆட்டோகோரிலேட்டர் கருவியின் படத்தை ஆய்வேட்டில் ஒட்டுவதற்கு முன் மெதுவான நேர அளவில் எடுத்த படத்தை ஒட்டுங்கள். ரேடியோ அதிர்வெண் ஸ்பெக்ட்ரம் அனலைசர் கிடைத்தால் இன்னும் நல்லது: 100 மெகாஹெர்ட்ஸ் கோட்டின் இருபுறமும் சில பத்து அல்லது சில நூறு கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் காது போலச் சிறு முகடுகள் முளைத்திருந்தால், லேசர் நிலைகுலைவின் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். ஆசிலோஸ்கோப்பில் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிவதும் இங்கே பிடிபட்டுவிடும்.

அந்தப் பொங்கல் எங்கிருந்து வருகிறது?

துடிப்பின் ஆற்றல் ஏதோ ஒரு காரணத்தால் சற்றே கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சி முன்பைவிட அதிகமாக வெளுக்கிறது. இழப்பு குறைகிறது. அதனால் துடிப்பு மேலும் வளர்கிறது. தன்னைத் தானே ஊதிப் பெருக்கும் இந்தப் போக்குக்குக் கடிவாளம் போடுவது படிகத்தின் பெருக்கம்தான், அதாவது படிகம் ஒளியை வலுப்படுத்தும் அளவு: துடிப்பு வளர்ந்தால் அது படிகத்தில் சேர்த்து வைத்த ஆற்றலை அதிகமாக எடுத்துக்கொள்ளும், பெருக்கம் இறங்கும், துடிப்பு அடங்கும்.

சிக்கல் என்னவென்றால் உறிஞ்சி உடனே பதில் சொல்கிறது, படிகம் தாமதமாகத்தான் சொல்கிறது. ஒரு தனித் துடிப்பு படிகத்தின் சேமிப்பில் எடுப்பது மிகச் சிறிய பங்கு. பெருக்கம் தெரியும்படி இறங்க நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஆகின்றன. அதற்குள் துடிப்பு வளர்ந்து, சேமிப்பை வேண்டிய அளவுக்கு மேல் காலி செய்துவிடுகிறது. பிறகு பெருக்கம் இழப்பைவிடக் கீழே போய், துடிப்பு வாடுகிறது; படிகத்துக்கு ஆற்றல் ஊட்டும் பம்ப் ஒளி மீண்டும் நிரப்புகிறது; மறுபடியும் அதே கதை. மேட்டூர் அணையில் மதகை மூடி நீரைத் தேக்கி, பிறகு மொத்தமாகத் திறந்துவிடுவதைப் போல.

எல்லாத் திண்மநிலை லேசர்களிலும் தளர்வு அலைவு என்ற இயல்பான ஊசலாட்டம் உண்டு. தட்டினால் ஆடும், தானே அடங்கும். உறிஞ்சியைச் சேர்ப்பது அந்த அடக்கத்தைக் குறைக்கிறது. அடக்கம் சுழியத்துக்குக் கீழே போகும் புள்ளியில் ஊசல் அடங்காமல் வளர ஆரம்பிக்கும். கியூ-ஸ்விட்ச்சிங் நிலைகுலைவு என்பது அதுதான்.

பழைய சாய லேசர்களில் இந்தத் தொல்லை கேள்விப்பட்டதில்லையே?

சரிதான். சாயங்களின் மேல்நிலை ஆயுள், அதாவது ஏற்றிய ஆற்றல் தங்கும் நேரம், சில நானோவினாடிகள். தூண்டு உமிழ்வுக்கான குறுக்குப் பரப்பு (கடக்கும் ஒளி அந்த ஆற்றலை எவ்வளவு எளிதில் எடுக்கும் என்பதன் அளவு) மிகப் பெரியது. அங்கே ஒவ்வொரு துடிப்பும் பெருக்கத்தைக் கையோடு இறக்கிவிடுகிறது, கடிவாளம் உடனுக்குடன் வேலை செய்கிறது. 1972இல் இப்பனும் ஷாங்கும் சாய லேசரைத் தொடர்ச்சியாக மோட்-லாக் செய்தார்கள். திண்மநிலையில் 1960களின் நடுவிலேயே ரூபியிலும் நியோடிமியம் கண்ணாடியிலும் துடிப்புகள் கிடைத்துவிட்டன. ஆனால் அவையெல்லாம் கொத்துக் கொத்தாக வந்தவைதான். ஹெர்மன் ஹாஸ் 1976இல் எந்த எல்லைக்குள் தொடர் மோட்-லாக்கிங் சாத்தியம் என்று எழுதிக் காட்டினார். அந்த எல்லைக்குள் வசதியாக உட்காரும்படி உறிஞ்சியை வடிவமைக்கும் வழி செசாமோடுதான் வந்தது.

இதற்குக் கணக்கு உண்டா, அல்லது ஆடியைத் திருகித் திருகிப் பார்க்க வேண்டியதுதானா?

கணக்கு உண்டு, அதுவும் ஒரே வரியில். கிளெமன்ஸ் ஹோனிங்கரும் சூரிச் குழுவினரும் 1999இல் வெளியிட்டது:

துடிப்பாற்றலின் வர்க்கம் > படிகத்தின் தெவிட்டு ஆற்றல் × உறிஞ்சியின் தெவிட்டு ஆற்றல் × பண்பேற்ற ஆழம்

துடிப்பாற்றல் என்பது கேவிட்டிக்கு உள்ளே ஓடுவது; வெளியே வருவதல்ல. தெவிட்டு ஆற்றல் என்பது படிகத்தின் பெருக்கத்தையோ உறிஞ்சியின் விழுங்கலையோ கணிசமாகக் குறைக்கத் தேவையான ஆற்றல். பண்பேற்ற ஆழம் என்பது உறிஞ்சி வெளுக்காமல் இருக்கும்போதும் முழுக்க வெளுத்த பிறகும் உள்ள எதிரொளிப்பு வேறுபாடு. இந்தச் சமன்பாடு இரண்டு சரிவுகளின் போட்டிதான். உறிஞ்சி நன்றாகத் தெவிட்டிய நிலையில், அதன் தூண்டுதல் துடிப்பாற்றலுக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. படிகத்தின் கடிவாளம் துடிப்பாற்றலுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் எல்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நியோடிமியம் வனடேட் படிகம், 1064 நானோமீட்டர். ஃபோட்டானின் ஆற்றல் 1.87 × 10⁻¹⁹ ஜூல். உமிழ்வுக் குறுக்குப் பரப்பை 1.1 × 10⁻¹⁸ சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றில் ஒளி படிகத்தை இருமுறை கடக்கிறது என்றால், தெவிட்டு ஆற்றல் அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.085 ஜூல். படிகத்தில் கற்றையின் ஆரம் 150 மைக்ரோமீட்டர் என்றால் படிகத்தின் தெவிட்டு ஆற்றல் சுமார் 60 மைக்ரோஜூல்.

செசாமின் தெவிட்டு அடர்த்தி சதுர சென்டிமீட்டருக்கு 70 மைக்ரோஜூல், அதன் மேல் கற்றையின் ஆரம் 60 மைக்ரோமீட்டர் என்றால் அதன் தெவிட்டு ஆற்றல் சுமார் 8 நானோஜூல். பண்பேற்ற ஆழம் 1 விழுக்காடு. மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 70 நானோஜூல். 100 மெகாஹெர்ட்ஸில் இது கேவிட்டிக்குள் 7 வாட். வெளியேற்றும் ஆடி 5 விழுக்காட்டை விடுகிறது என்றால், வெளியே 350 மில்லிவாட்டுக்குக் கீழே அந்த லேசர் கொத்துக் கொத்தாகத்தான் ஓடும். நீங்கள் ஆடியை எவ்வளவு நேர்த்தியாகத் திருகினாலும் 200 மில்லிவாட்டில் அது தட்டையாகாது. ஆடி திருகுவதில் ஒரு வாரத்தைக் கழிப்பதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்துவிடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அப்படியானால் செசாமின் மேல் கற்றையை ஊசிமுனையாகக் குவித்துவிடலாமே? எல்லை கீழே வந்துவிடுமே?

வரும். கூடவே வேறொரு தொல்லையும் வரும். மேலே சொன்ன அதே லேசரில் பம்பைக் கூட்டி வெளியே 1 வாட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே 20 வாட், துடிப்புக்கு 200 நானோஜூல். செசாமின் தெவிட்டு ஆற்றலோ 8 நானோஜூல். 25 மடங்கு தெவிட்டிவிட்டது. 3 முதல் 10 மடங்கு வரை இருப்பதே வசதியான இடம். அதற்கு மேல் போனால் உறிஞ்சி ஏற்கெனவே முழுதாக வெளுத்திருப்பதால், ஒரு பெரிய துடிப்புக்கும் இரண்டு சிறிய துடிப்புகளுக்கும் இடையே அதற்கு வேறுபாடு தெரியாது. பாதி ஆற்றலுள்ள துடிப்பு நீளமாகவும் நிறமாலையில் குறுகலாகவும் இருக்கும். படிகம் குறுகிய நிறமாலைக்கு அதிகப் பெருக்கம் தரும். ஆகவே துடிப்பு இரண்டாக உடைகிறது.

மாற்று என்ன? செசாமின் மேல் கற்றை ஆரத்தை 100 மைக்ரோமீட்டர் ஆக்குங்கள். உறிஞ்சியின் தெவிட்டு ஆற்றல் 22 நானோஜூல். கியூ-ஸ்விட்ச்சிங் எல்லை சுமார் 115 நானோஜூல். ஓடுவதோ 200 நானோஜூல். தெவிட்டல் 9 மடங்கு. இரண்டு பக்கமும் தப்பித்தாயிற்று. நிலையான லேசர் என்பது கீழே கியூ-ஸ்விட்ச்சிங்கும் மேலே துடிப்பு உடைதலும் நெருக்கும் ஒரு சந்து. சந்தின் அகலத்தைக் கற்றையின் ஆரமும் பண்பேற்ற ஆழமும் முடிவு செய்கின்றன.

கற்றையை மாற்ற வசதியில்லாதவர்களுக்கு இன்னும் இரண்டு மலிவான வழிகள் உண்டு. வெளியேற்றும் ஆடியை 5 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டுக்கு மாற்றினால் உள்ளே ஆற்றல் ஏறும். கேவிட்டியை நீட்டினாலும் அப்படியே: 3 மீட்டர் ஆக்கினால் 50 மெகாஹெர்ட்ஸ், அதே வாட்டுக்குத் துடிப்பாற்றல் இரட்டிப்பு. மறுபுறம், கேவிட்டியைச் சுருக்கி கிகாஹெர்ட்ஸுக்குப் போகிறவர்கள் இந்தச் சமன்பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்படியும் வனடேட் லேசரை 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேலேயே கொண்டுபோயிருக்கிறார்கள்.

இரண்டு துடிப்பு ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டும் சில பத்துப் பிகோவினாடி தள்ளி ஓடினால் ஆட்டோகோரிலேட்டர் காட்டும். நானோவினாடிக் கணக்கில் தள்ளி இருந்தால் வேகமான போட்டோடயோடு காட்டும். நடுவில் இரண்டுக்கும் எட்டாத குருட்டுப் பகுதி ஒன்று உண்டு. பல ஆய்வேடுகள் அங்கேதான் வழுக்கி விழுகின்றன. எளிய சோதனை: ஒளியின் ஒரு பகுதியை அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் இரண்டாம் இசைப் படிகம் ஒன்றில் செலுத்தி, பச்சை ஒளியின் திறனைக் கவனியுங்கள். பம்பைக் கூட்டும்போது சராசரித் திறன் சீராக ஏறிக்கொண்டிருக்க, பச்சை மட்டும் படக்கென்று ஒரு படி இறங்கினால் துடிப்பு உடைந்துவிட்டது.

மேல்நிலை ஆயுள் நீளமான படிகம் என்றால் கியூ-ஸ்விட்ச்சிங் கட்டாயம் வரும் என்று பாடத்தில் சொன்னார்கள்.

பாதி உண்மை. மேலே உள்ள சமன்பாட்டில் ஆயுளைத் தேடிப் பாருங்கள், இருக்காது. நேரடியாக நிற்பது குறுக்குப் பரப்புதான். ஆனால் ஆயுள் நீண்ட படிகங்களுக்குப் பெரும்பாலும் குறுக்குப் பரப்பு சிறிது. அதனால் ஆயுளின் மேல் பழி விழுகிறது. வனடேட்டுக்கு ஆயுள் சுமார் 90 மைக்ரோவினாடி, நியோடிமியம் யாக்குக்கு (இட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகம்) 230. யாக்கின் குறுக்குப் பரப்பு 2.8 × 10⁻¹⁹ சதுர சென்டிமீட்டர். இட்டர்பியம் யாக்குக்கு ஆயுள் ஒரு மில்லிவினாடியை ஒட்டி, குறுக்குப் பரப்பு 2 × 10⁻²⁰ அளவில்தான். முதல் திட்டத்துக்கு எதை வாங்கலாம் என்று கேட்டால் தயங்காமல் வனடேட் என்பேன். இட்டர்பியம் குறுகிய துடிப்பு தரும், உண்மைதான். ஆனால் முதல் ஆறு மாதம் உங்களை அழவைக்கும். டைட்டேனியம் சஃபயரில் ஆயுள் வெறும் 3.2 மைக்ரோவினாடி, குறுக்குப் பரப்பும் பெரிது. அங்கே இந்தத் தொல்லை அரிது.

சாலிட்டான் விளைவு இதில் எப்படி உதவுகிறது?

ஃபெம்டோவினாடிப் பக்கம் போகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். எதிர்மறை நிறப்பிரிகை (நிறத்துக்கு நிறம் வேறுபடும் தாமதம்) தரும் ஆடிகளையோ முப்பட்டக இணையையோ கேவிட்டிக்குள் வைத்தால், படிகத்தின் கெர் விளைவும் (ஒளி வலுத்தால் ஒளிவிலகல் எண் கூடுவது) நிறப்பிரிகையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, துடிப்பு வடிவம் குலையாத சாலிட்டானாக ஓடும். சாலிட்டானின் ஆற்றல் கூடினால் அதன் நீளம் சுருங்கும், நிறமாலை விரியும். விரிந்த நிறமாலைக்குப் படிகம் தரும் பெருக்கம் குறைவு. அதாவது, துடிப்பு வளர முயலும் அதே கணத்தில் அதற்கு அபராதம் விழுகிறது. படிகத்தின் சேமிப்பு இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேலே நாம் குறைப்பட்ட தாமதம் இங்கே இல்லை. இதனால் கியூ-ஸ்விட்ச்சிங் எல்லை பல மடங்கு தளர்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. துடிப்பைச் செதுக்கும் வேலையைச் சாலிட்டான் விளைவு ஏற்றுக்கொள்வதால், உறிஞ்சி மெதுவாக மீண்டாலும் பரவாயில்லை. பத்துப் பிகோவினாடியில் மீளும் செசாமை வைத்துக்கொண்டு சில நூறு ஃபெம்டோவினாடித் துடிப்பை எடுக்கலாம். இதிலும் எல்லை உண்டு: துடிப்பு கடந்த பிறகும் உறிஞ்சி திறந்தே கிடக்கும் அந்த இடைவெளியில், சாலிட்டான் உதிர்த்த மங்கிய பின்னணி ஒளி ஒட்டிக்கொண்டு வளரப் பார்க்கும். வளர்ந்துவிட்டால் துடிப்பு குலையும். நிறப்பிரிகையைக் குறைத்துக்கொண்டே போய் இன்னும் குறுகிய துடிப்பு எடுக்க முயலும்போது இதைத்தான் சந்திப்பீர்கள்.

துணையாக வருவது இரட்டை ஃபோட்டான் உறிஞ்சல். துடிப்பு மிகக் குறுகினால் உச்சத் திறன் ஏறி, செசாமின் குறைகடத்தி இரண்டிரண்டு ஃபோட்டான்களாக விழுங்கும். வெளுத்த ஆடி மறுபடி கறுக்க ஆரம்பிக்கும். கியூ-ஸ்விட்ச்சிங்குக்கு இது தடை. துடிப்பு உடைவதற்கோ வாசல்.

கெர் லென்ஸ் முறை இருக்க செசாம் எதற்கு?

1991இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சிபெட் குழுவினர் டைட்டேனியம் சஃபயரில் 60 ஃபெம்டோவினாடி எடுத்தது எந்தச் செசாமும் இல்லாமல்தான். கெர் லென்ஸ் முறையில் வலுத்த ஒளி கெர் விளைவால் படிகத்தில் தன்னைத் தானே குவித்துக்கொண்டு இழப்பைக் குறைக்கிறது. அது கிட்டத்தட்ட கணநேரத்தில் பதில் சொல்லும், மிகக் குறுகிய துடிப்புகள் அதன் சொத்து. ஆனால் கேவிட்டியை அதன் நிலைப்பு எல்லையின் விளிம்பிலேயே நிறுத்த வேண்டும். பெரும்பாலும் தானாகத் தொடங்காது, ஆடியைத் தட்ட வேண்டும். காலையில் சுவிட்சைப் போட்டதும் ஓட வேண்டும் என்றால் செசாம்.

கிரோமியம் யாக் துண்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதையே உறிஞ்சியாக வைக்கலாமா?

கியூ-ஸ்விட்ச்சிங் வேண்டும் என்றால் தாராளமாக. அது மீள மைக்ரோவினாடிகள் ஆகும். தெவிட்டு அடர்த்தியோ செசாமைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. தட்டையான துடிப்பு வரிசையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் உள்ள லேசரும் இதுவும் ஒன்றா?

இல்லை. கொலுசுக் கண்ணிகளைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதற்குப் பதிலாக வரும் வெல்டிங் மெஷினில் துடிப்பின் நீளம் மில்லிவினாடி அளவு. முத்திரையும் எழுத்தும் பொறிக்கும் மெஷின் பெரும்பாலும் கியூ-ஸ்விட்ச்சு செய்த ஃபைபர் லேசர். சுமார் நூறு நானோவினாடித் துடிப்பு, நொடிக்குச் சில பத்தாயிரம். அதாவது, நாம் எதைத் தொல்லை என்று துரத்துகிறோமோ அதுதான் அங்கே பிழைப்பு. 1 மைக்ரோமீட்டர் ஒளியில் வெள்ளி 95 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி எறிந்துவிடும்; சிறு நேரத்தில் பெரும் ஆற்றலைக் கொட்டினால்தான் அதில் எழுத்து விழும்.

கோடையில் லேசர் மதியத்துக்கு மேல் நிலைகுலைகிறது. காலையில் நன்றாக இருக்கிறது. வெயில்தானா?

பெரும்பாலும் ஆம், ஆனால் வழி சுற்றிவளைத்தது. 808 நானோமீட்டர் பம்ப் டயோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் நகரும். குளிர்விப்பான் திணறி டயோடு 10 டிகிரி சூடேறினால் 3 நானோமீட்டர்; படிகத்தின் உறிஞ்சல் உச்சியிலிருந்து விலகிவிடும். பம்ப் குறைகிறது, கேவிட்டிக்குள் துடிப்பாற்றல் இறங்குகிறது, 115 நானோஜூல் எல்லைக்குக் கீழே போனதும் கொத்துகள் ஆரம்பம். மாணவர்கள் செசாம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள், செசாமுக்கு ஒன்றுமில்லை. படிகத்தின் வெப்ப லென்ஸ் மாறிச் செசாம் மேல் கற்றையின் அளவு மாறுவதும் இதே விளைவைத் தரும். மதியம் மூன்று மணிக்குக் கொத்துகள் வரும்போது முதலில் உள்ளே உள்ள திறனைக் கணக்கிடுங்கள், பிறகு டயோடின் வெப்பநிலையைப் பாருங்கள், ஆடியைக் கடைசியாகத் தொடுங்கள்.

ஏற்காட்டில் குளிர்தானே, அங்கே வைத்தால் இந்தத் தொல்லை இருக்காதே?

வெப்பத்தில் தப்பிப்பீர்கள், ஈரத்தில் மாட்டுவீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். சேலத்தில் ஏப்ரல் மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு என்று கொண்டால் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் நீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 20 டிகிரி. ஏற்காட்டில் மேகம் இறங்கிய மாலையில் 22 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் அங்கேயும் பனிப்புள்ளி ஏறத்தாழ 20 டிகிரிதான். குளிர்நீர்க் கருவியை 18 டிகிரியில் வைத்தால் இரண்டு இடத்திலும் டயோடு மேல் நீர் கோக்க வேண்டும். சேலத்தில் கோக்காததற்குக் காரணம் ஆய்வகத்தில் ஓடும் ஏ.சி., அது அறைக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்துவிடுகிறது. ஏற்காட்டில் பெரும்பாலும் ஏ.சி. மாட்டுவதில்லை. மலை மேல் ஆய்வகம் அமைப்பவர்கள் குளிர்விக்கும் கருவியைவிட ஈரம் நீக்கும் கருவிக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை மெதுவாக விடுவதும் நல்லது.

மலை ஏறினால் காற்றழுத்தம் குறையுமே, துடிப்பு வீதம் மாறாதா?

மாறும், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்குச் சற்றுக் கீழே. அழுத்தமும் வெப்பநிலையும் சேர்ந்து காற்றின் ஒளிவிலகல் எண்ணை ஒரு லட்சத்தில் இரண்டரைப் பங்கு அளவுக்கு மாற்றும். 100 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 2.5 கிலோஹெர்ட்ஸ். இதோடு ஒப்பிடுங்கள்: 1.5 மீட்டர் அலுமினியப் பலகை ஒரே ஒரு டிகிரி சூடேறினால் 35 மைக்ரோமீட்டர் நீளும், துடிப்பு வீதம் 2.3 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதும் பலகை ஒரு டிகிரி சூடாவதும் கிட்டத்தட்டச் சமம். பலகையை எஃகுக்கு மாற்றியும் பெரிய பயனில்லை: எவர்சில்வர் பாத்திரம் செய்யும் 304 ரக எஃகும் அலுமினியத்தைவிட ஒரு கால்பங்கு தான் குறைவாக விரிவடையும். ஆடித் தாங்கிகளின் காந்த அடிப்பாகமும் அதில் ஒட்டாது. வீதம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால் வெப்பத்தில் மிகக் குறைவாக விரியும் இன்வார் உலோகக் கம்பி, அல்லது ஆடியின் பின்னால் மின்னழுத்தத்தால் நுணுக்கமாக நகர்த்தும் பீசோ. இரண்டுமே துடிப்பு குலைவதற்கு மருந்தல்ல. அது தனிக் கதை.

பம்ப் டயோடுக்கு மின்னணுப் பின்னூட்டம் கொடுத்து ஊசலை அடக்கலாமா?

முடியும். வெளிவரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் போட்டோடயோடில் எடுத்து, தலைகீழாக்கிப் பம்ப் மின்னோட்டத்தில் சேர்த்தால் தளர்வு அலைவு அடங்கும்; 2000ஆம் ஆண்டுவாக்கில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கணக்கில் தவறிய கேவிட்டிக்கு மின்சுற்றால் முட்டுக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. ஆரத்தை மாற்றுங்கள்.

ஃபைபரில் இணைத்ததும் துடிப்பு நின்றுவிடுகிறது.

ஃபைபர் முனையிலிருந்து திரும்பி வரும் ஒளிதான் காரணம். மிகச் சிறு பங்கு திரும்பினாலும் போதும். இடையில் ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் ஃபாரடே தடுப்பான் வையுங்கள், ஃபைபர் முனையைச் சாய்வாக வெட்டியதாக வாங்குங்கள். கேவிட்டிக்குள் உள்ள படிகத்தின் முகங்களும் ஒன்றுக்கொன்று சற்றே சாய்ந்திருக்கட்டும்.

பாதுகாப்பு?

1064 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையில் குவியும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி இல்லாமல் உள்ளே வராதீர்கள். பச்சையைத் தடுக்கும் கண்ணாடி இதற்கு உதவாது.

செசாம் எரிந்துவிட்டது. புதிது வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். எரிந்தது கற்றை விழுந்த அந்த 200 மைக்ரோமீட்டர் வட்டம் மட்டும். சில்லு சில மில்லிமீட்டர் அகலம். அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால் புது இடம். ஆனால் நகர்த்துவதற்கு முன் ஏன் எரிந்தது என்று பாருங்கள். வழக்கமான குற்றவாளி, பம்பை மெதுவாக ஏற்றியது: தொடர் ஒளிக்கும் நிலையான மோட்-லாக்கிங்குக்கும் நடுவில் உள்ள கொத்துப் பகுதியில் நிதானமாக நின்று ஆடியைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். சராசரித் திறன் குறைவாக இருந்தாலும், ஒரு கொத்தின் உச்சித் துடிப்பு செசாமின் தாங்குதிறனைத் தாண்டிவிடும். திருத்தும் வேலைக்குச் செசாம் இருக்கும் இடத்தில் சாதாரண ஆடியை வைத்து முடித்துவிடுங்கள். செசாமை மாட்டிய பிறகு கொத்துப் பகுதியை வேகமாகக் கடந்துபோங்கள். இன்னொரு குற்றவாளி தூசி. செசாமைத் துணியால் துடைக்காதீர்கள், சுத்தமான உலர்காற்றை ஊதுங்கள். நகர்த்திய இடத்தின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், அடுத்து வருபவர் அதே கருகிய புள்ளியில் துடிப்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.